அட்டையில் போட்டிருந்தது ஆயிரத்து இருநூறு

மின்விசிறியை நிறுத்தினால் இரண்டு கூடுகிறது. ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டால் இன்னும் மூன்று. கொசுவிரட்டியால் ஒன்றுமில்லை, அது பாவம், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இருந்தாலும் எதற்கு வம்பு என்று அதையும் மங்கையர்க்கரசி பிடுங்கித்தான் வைத்திருந்தாள். கூடத்தில் இப்போது ஓடுகிற சாமான் என்று எதுவும் இல்லை. சித்திரை வெயில் ஜன்னல் கதவின் இடுக்கு வழியாக நுழைந்து தரையில் ஒரு கோடாகக் கிடந்தது. நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கும் சுவருக்கும் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளக் பாயிண்டில் செருகியிருந்த வெள்ளைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். இதன் ஜோடி மாடியில், அண்ணன் வீட்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடியில் வருகிற இன்டர்நெட்டை அது கரண்டு கம்பிக்குள் ஏற்றிவிடும், கீழே இது பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். சுவரை உடைக்க வேண்டாம், புதிதாக வயர் இழுக்க வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற கம்பியே போதும். அட்டைப்பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது, சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் படத்துக்குக் கீழே. வேகம் ஆயிரத்து இருநூறு எம்பிபிஎஸ் என்றும் போட்டிருந்தது, தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில். அவளுக்கு வேண்டியது நாற்பது. ஆயிரத்து இருநூறில் நாற்பது எந்த மூலைக்கு என்றுதான் வாங்கினாள். வந்தது இருபத்தொன்பது. விசிறியையும் ஃப்ரிட்ஜையும் கொன்ற பிறகு முப்பத்தி நான்கு. மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து கம்பெனிப் பெண் கூப்பிட்டு லைனைச் சோதிப்பாள். நாற்பது இருந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை சென்னை ஆபீஸில் நிற்க வேண்டும். அவள் சென்னைக்குப் போனால் அப்பா ஹோமுக்குப் போவார். அண்ணன் சொல்லிவிட்டான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயம். பல் விளக்கிக்கொண்டே, வாயில் நுரையோடு சொன்னான்: "சமயபுரம் தாண்டி ஒரு எடம் இருக்கு மங்கை. நல்லா பாத்துக்கறாங்களாம். தோட்டமெல்லாம் இருக்காம்." அப்பாவால் திரும்பிப் படுக்கவே முடியாது, தோட்டம் எதற்கு.

நரி காலைத் தூக்கியபடி நின்றதிலிருந்து ஆரம்பித்தது இதெல்லாம். அமெரிக்காவில் எங்கோ ஒரு ஊரில் சோபா விற்கிற கடை. அங்கே இரவு, இங்கே இரவின் கடைசியும் காலையும். கடையின் கார் நிறுத்துமிடத்தைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. ஆள் யாராவது உள்ளே வந்தால் ஒரு பட்டனை அழுத்தி, அங்கே இருக்கிற காவல்காரனை எழுப்ப வேண்டும். ஆள் வருவதே இல்லை. ஒரு நரி வரும். விளக்குக் கம்பத்தைச் சுற்றும், எதையோ முகரும், போகும். டிகிரி இல்லாத நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு, யூடியூபைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் தேற்றிக்கொண்டவளுக்கு, இதைவிட என்ன வேலை கிடைக்கும், காலி இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று உறுதிசெய்கிற வேலை. அன்றைக்கு நரி ஒரு முன்னங்காலைத் தூக்கியது, தூக்கியபடியே நின்றது. எவ்வளவு அழகாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அசையாமல் நிற்பது நரியில்லை, படம் என்று உறைக்க நேரமாகிவிட்டது. மறுபடி படம் ஓடியபோது நரி இல்லை, கடைக் கதவின் கண்ணாடியும் இல்லை. வைஃபை மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் மூச்சு வாங்குகிறது மேடம், இனிமேல் வயரில்தான் இணைக்கணும் என்று கம்பெனியில் சொன்னார்கள். அந்தக் கால், தூக்கிய கால், கீழே வைக்கவும் முடியாமல் எடுத்துக்கொண்டு ஓடவும் முடியாமல். ஏன் இப்போது அது ஞாபகம் வருகிறது. தொடை மரத்துப்போயிருந்தது, அதனால்தான். காலை மாற்றிப்போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தி நான்கு. முப்பத்தி மூன்று. முப்பத்தி நான்கு.

ஆயிரத்து இருநூறு என்பது என்ன கணக்கு என்று படித்துப் படித்து இப்போது அவளுக்குத் தெரியும். போகிறது வருகிறது இரண்டையும் கூட்டி, வேறு ஒரு சாமானும் இல்லாத ஒரு பரிசோதனைச் சாலையில், புத்தம்புது கம்பியில், இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கணக்கு. அதில் பாதி பேச்சுக்கே போய்விடும், கேட்டுதா கேட்டுதா என்று ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்வதற்கு. மிச்சத்தில் கம்பியின் வயசு ஒரு பங்கைத் தின்னும், வழியில் இருக்கிற மோட்டார், சார்ஜர், பல்பு எல்லாம் ஆளுக்கு ஒரு வாய். நல்ல வீடாக இருந்தால் நூறு, நூற்றைம்பது தேறும். நல்ல வீடாக இருந்தால். அவளைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் சொன்னதும் இப்படித்தான், மாப்பிள்ளைக்குச் சொந்த டிராவல்ஸ், நாலு வண்டி ஓடுது. போய்ப் பார்த்தால் ஒரே ஒரு ஆம்னி, அதுவும் சேட்டுக்கடையில் நின்றது. நாலு வண்டி என்பது பொய்யில்லை, ஒருகாலத்தில் எல்லாம் சரியாக நடந்திருந்தால் நாலாகியிருக்கும் என்று அந்த மனுஷன் கடைசிவரை நம்பினான். நம்பிக்கொண்டே சூரத்துக்குப் போனான், வரவில்லை. அவனைத் திட்டக்கூட அவளுக்கு வருவதில்லை. அட்டையில் எழுதுகிறவன் ஒருத்தன், உள்ளே இருக்கிறது ஒன்று, இதற்கு நடுவில் வாழ்க்கைப்படுகிறவள் எவளோ. திரும்பி வந்தபோது அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழ்வீட்டின் பின்னறையைக் காட்டி, "காத்து வரும், படுத்துக்க" என்றார். லாட்ஜ் மேனேஜராக முப்பது வருஷம் இருந்தவர், ஏன் வந்தாய் என்று எவரையும் கேட்டுப் பழக்கமில்லை. அந்த அறையில்தான் இப்போது அவர் கிடக்கிறார். காற்று வருவதில்லை, பக்கத்து மனையில் கட்டிவிட்டார்கள்.

ஒரே வீடு, ஒரே கம்பி என்று அவள் நினைத்ததுதான் தப்பு. மாடி கட்டியபோது அப்பா தனி மீட்டர் வாங்கினார். ஊரில் பாதிப்பேர் செய்வதுதான், இரண்டு வீடு என்று காட்டினால் இலவச யூனிட் இரண்டு தடவை கிடைக்கும், பில்லும் மேலே ஏறாது. லாட்ஜில் வராந்தா வராந்தாவாக நடந்து ஆளில்லாத அறையின் விளக்கை அணைத்தவருக்கு அந்த யோசனை வந்த அன்று முகத்தில் பார்க்க வேண்டுமே, பிள்ளை பிறந்த மாதிரி. "பிரிச்சு வெச்சாத்தான் ரெண்டு பேருக்கும் லாபம்டா" என்று அண்ணனிடம் சொன்னார். ஆக மாடியில் ஏறுகிற சிக்னல் மாடிச் சுவரெல்லாம் இறங்கி, வாசலில் இருக்கிற மீட்டர் பெட்டிக்கு வந்து, அண்ணன் மீட்டரைத் தாண்டி, தெருக் கம்பியைத் தொட்டு, திரும்பக் கீழ்வீட்டு மீட்டருக்குள் நுழைந்து, நாற்பது வருஷத்துப் பழைய கம்பியில் ஊர்ந்து இந்தச் சுவருக்கு வருகிறது. பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கிற அண்ணனைப் பார்க்க தெருவுக்குப் போய்விட்டு வர வேண்டும். முப்பத்தி நான்கு வருவதே பெரிசு. அது எப்படி வருகிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு அதன்மேல் இரக்கம் வந்தது, வழி தெரியாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டுக் கேட்டு. ஒரு துளை போட்டு ஒரு வயரைத் தொங்கவிட்டால் முடிகிற காரியம். துளை போட வேண்டிய இடம் மாடிவீட்டின் வடகிழக்கு. "ஈசானிய மூலையில ட்ரில்லிங் மெஷினா? எங்க வீட்டுக்காரருக்கு இப்பத்தான் வியாபாரம் கொஞ்சம் நிமிந்து நிக்குது மங்கை" என்று அண்ணி காஞ்சனா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். ஜன்னல் வழியாக விடலாமே என்றால் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. கீழ்வீட்டுக்குத் தனி இன்டர்நெட் லைன் கேட்டு எழுதிக்கொடுத்தாயிற்று, கம்பத்துப் பெட்டியில் இடமில்லை, இடம் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். எங்கேயும் இடமில்லை. எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, எதற்கும் கையெட்டவில்லை.

திடீரென்று முப்பத்தொன்று. மங்கை எழுந்தாள், மரத்த காலை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய் நின்று, "அண்ணி, என்ன போட்டிருக்கீங்க?" என்று கத்தினாள். மேலிருந்து, "என்னத்தப் போட்டேன், புடவைதான் கட்டியிருக்கேன்" என்று பதில் வந்தது. அப்புறம் தலை எட்டிப் பார்த்தது, நெற்றியில் பளிச்சென்று குங்குமம். "சீரியல் செட்டுடி, சாமி ஷெல்ஃபுல. வெள்ளிக்கிழமையில்ல?" கலர் கலராக மினுக்கிக்கொண்டே இருக்கும் அந்தச் சின்ன பல்பு மாலை. அதுதான் மூன்றைத் தின்கிறது. "அண்ணி, ஒரு அரைமணி நேரம் அத மட்டும் அணைச்சு வையுங்களேன், மூணு மணிக்கு எனக்கு டெஸ்ட்டு." காஞ்சனா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கெட்டவள் இல்லை, தினமும் ஒரு டம்ளர் ரசமாவது கீழே வரும். "மத்தியானம் மிக்ஸி போடாதேன்ன, சரின்னேன். வாஷிங் மெஷினு நாளைக்கின்ன, சரின்னேன். இப்ப வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமி வெளக்கை அணைக்கச் சொல்ற. நாளைக்கு எங்க மூச்சால உன் ஸ்பீடு கொறையுதும்பே." மங்கைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அண்ணியும் பாதி சிரித்தாள், அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "சொன்னா தப்பா எடுத்துக்காத. ஏன் இப்படிக் கெடந்து அல்லாடற? போயேன் மெட்ராஸுக்கு. மாமாவ ஹோம்காரங்க பாத்துக்கட்டும். நீயும் மனுஷிதானே." விளக்கு அணையவில்லை. படியிறங்கி வரும்போது அந்தக் கடைசி வாக்கியம் முதுகில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. நீயும் மனுஷிதானே. திட்டியிருந்தால் தேவலை.

இன்னும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நேற்றே தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு விசிறியையும் ஃப்ரிட்ஜையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், கண்ணில் படக்கூடாத கடன்காரனுக்காகத் தெருவைச் சுற்றிப் போகிறவள் மாதிரி. பின்னறைக் கட்டிலின் காலில் மாட்டியிருக்கிற பம்ப். அப்பாவின் காற்றுமெத்தைக்கு அதுதான் உயிர். குழல் குழலாக இருக்கிற மெத்தை. பம்ப் ஒரு வரிசையை ஊதும், அடுத்த வரிசையைத் தளர்த்தும், பிறகு மாற்றும், ஒரே இடத்தில் உடம்பு அழுந்தாமல் இருக்க. நேற்று துணி மாற்ற அதை நிறுத்தியபோது திரும்பி வந்து பார்த்தால் நாற்பதைத் தாண்டி நின்றது எண். உடனே போட்டுவிட்டாள், சுட்டுக்கொண்டவள் மாதிரி. இப்போது அறை வாசலில் நின்றாள். பம்ப் உறுமிக்கொண்டிருந்தது, தூங்குகிற பூனையின் சத்தம். அப்பா விழித்திருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து ஒன்றரை வருஷமாகிறது. பேச்சில் ஒரு வாக்கியம்தான் மிஞ்சியது. பசித்தாலும் அதுதான், தாகமென்றாலும் அதுதான், நரம்புப் பிரிவு டாக்டர் பேரைக் கேட்டபோதும் அதுதான் சொன்னார். "ரூம் காலியில்ல" என்றார் அவளைப் பார்த்து. என்ன தொனியில் சொல்கிறார் என்பதை வைத்து அவள் கண்டுபிடிக்க வேண்டும். இது சும்மா சொன்னது, வந்தியா என்கிற மாதிரி. "பத்தே நிமிஷம்ப்பா" என்றாள். படுக்கைப்புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்ய வருகிற நர்ஸ் ஃபிலோமினா சொல்லியிருந்தாள், புண்ணு ஆறுனது மேல்தோலுதான்க்கா, உள்ள இன்னும் பச்சை, பம்ப நிறுத்துனீங்கன்னா ஒரு மத்தியானம் போதும். பத்து நிமிஷம் ஒரு மத்தியானமா? இவருக்காகத்தானே. இவரை இங்கேயே வைத்துக்கொள்வதற்காக இவர் மெத்தையை நிறுத்த வேண்டும். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சுவிட்சில் விரலை வைத்தாள். எதற்காக என்று கேட்டால் அப்பாவுக்காக என்று பட்டென்று வாய் சொல்கிறது, ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று மெல்ல, அந்த நாற்பது வராமல் போனால், வராமல் போனது உன் தப்பில்லையே, கம்பியின் தப்பு, மீட்டரின் தப்பு, வெள்ளிக்கிழமையின் தப்பு, திங்கட்கிழமை நீ பெட்டியோடு ரயிலில், ஜன்னலோரம். அந்தக் குரலை நெரிக்கத்தான் சுவிட்சை அழுத்தினாளோ என்னவோ. உறுமல் நின்றது. அறை சட்டென்று பெரிதாகிவிட்டது.

நாற்பத்தொன்று. ஃபோன் அடித்தது. "மங்கையர்க்கரசி மேம்? ரோஷினி பேசறேன், லைன் ஆடிட். ஸ்க்ரீன் ஷேர் பண்ணிக்கலாமா? சீட்ட விட்டு எந்திரிக்காதீங்க மேம், கேமரா ஆன்லயே இருக்கட்டும்." சின்னப் பெண்ணின் குரல், சூயிங்கம் மென்றுகொண்டிருக்கிறாளோ. பத்து நிமிஷம்தானே என்றாள் மங்கை. "அப்படித்தான் மேம் இருந்துச்சு, இப்ப மாத்திட்டாங்க. ஒரு அரைமணி நேரம் ஸ்டெடியா நிக்குதான்னு பாக்கணும்." திரையில் ஒரு கோடு ஊர்ந்து போனது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று. உட்கார்ந்தாள். கேமராவில் தன் முகம் ஒரு மூலையில், வேர்த்து, யாரோ மாதிரி. பின்னால் அறையிலிருந்து சத்தம் வருகிறதா என்று முதுகால் கேட்டாள். காற்று இறங்குவதற்குச் சத்தம் கிடையாது. அதுதான், அதுதான் அதன் பிரச்சினை. எந்த வரிசை முதலில் இறங்கும், இடுப்புக்குக் கீழே இருப்பதா, ஊதி நின்ற வரிசையில் அவர் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், தளர்ந்த வரிசையாக இருந்தால் இப்போதே பலகை. பார்க்காமல் நிறுத்திவிட்டாள். பார்த்திருக்கலாம், ஒரு நொடி. நாற்பத்தொன்று. சென்னையில் ஹாஸ்டலில் பங்க் கட்டிலாம், ஆபீஸே ஏற்பாடு செய்யுமாம். மேல் கட்டிலில் படுத்தால் கூரை மூக்கை இடிக்கும், இடிக்கட்டும், வேலை முடிந்ததும் ஒருவரும் கூப்பிடாமல் தூங்கலாம், தூங்கி எழுந்து தலைக்குக் குளித்து டீக்கடைக்குப் போய் நின்று, நின்று என்ன, சும்மா நிற்கலாம். அதை நினைத்த உடனே சமயபுரம் தாண்டி ஒரு தோட்டத்தில், நீளமான ஹாலில், அப்பா வரிசையாகப் போட்ட கட்டில்களைப் பார்த்து ரூம் காலியில்ல, ரூம் காலியில்ல என்று வருகிற போகிற ஆயாக்களிடம் சொல்கிறார், அவர்கள் சிரிக்கிறார்கள், தண்ணிக்குச் சொன்னதா வலிக்குச் சொன்னதா என்று அங்கே யாருக்குத் தெரியும். "ரூம் காலியில்ல" என்றது குரல். நினைப்பில் இல்லை, அறையில். "யாரு மேம் அது?" என்றாள் ரோஷினி. "எங்கப்பா." "லாட்ஜ் வெச்சிருக்கீங்களா?" மறுபடி அதே வாக்கியம், இப்போது கொஞ்சம் நீண்டு, கடைசியில் தேய்ந்து. அது தண்ணீர் இல்லை. தண்ணீருக்கு இவ்வளவு நீளாது. எழுந்திருக்கக் கூடாது. நாற்பத்திரண்டு. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல.

"சூப்பர் மேம். முடிஞ்சுது. ஆவரேஜ் நாப்பத்தொண்ணு வருது, பாஸ்" என்றாள் ரோஷினி கடைசியில். மங்கை ஏற்கெனவே பாதி எழுந்திருந்தாள். "ஒண்ணே ஒண்ணு மேம், இனிமே ஷிஃப்ட் ஃபுல்லா சிஸ்டமே தானா அளந்துக்கிட்டே இருக்கும். எப்ப நாப்பதுக்குக் கீழ போனாலும் எனக்கு அலர்ட் வரும். மூணு அலர்ட்னா மறுபடி ஆபீஸ்தான். இப்ப இருக்கிற மாதிரியே மெயின்டெயின் பண்ணுங்க, போதும்." இப்ப இருக்கிற மாதிரியே. ஷிஃப்ட் முழுக்க. ஒவ்வொரு நாளும். ஃபோனைக் கையில் பிடித்தபடியே அறைக்குள் போனாள். மெத்தை தட்டையாகக் கிடந்தது, அதன் நடுவில் அப்பா, கட்டிலுக்குள் புதைத்துவிட்ட மாதிரி. கண்ணோரத்திலிருந்து காதுவரை ஈரம். குனிந்து அவருடைய இடுப்புக்குக் கீழே கையைச் செருகினாள், பலகையின் கடினம் மெத்தைத் துணிவழியாக விரல்முட்டியில் இடித்தது, மேலே தோல் சூடாக இருந்தது. இன்னொரு கையால் ஃபோனைப் படுக்கையில் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினாள். பம்ப் உறுமியது. கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதும் உண்மை, அவருடைய முழு எடையும் அதன்மேல் இருந்தது. ஒரு வரிசை மெல்ல நிமிர்ந்து, விரல்களை அப்பாவின் உடம்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு மேலே வந்தது.

"மேம்? மேம், இருக்கீங்களா? சட்டுனு முப்பதுக்கு வந்துருச்சே, என்ன ஆன் பண்ணீங்க?" ஃபோன் போர்வைக்குள்ளிருந்து பேசியது. "பரவால்ல மேம், நான் இன்னும் சேவ் பண்ணல. பழையபடி ஆஃப் பண்ணிடுங்க, நாப்பத்தொண்ணுன்னே போட்டுடறேன்."

மங்கை அப்பாவைப் பார்த்தாள். அவர் மூச்சு இப்போது நிதானமாக வந்தது.

"ஆஃப் பண்ண முடியாதும்மா. இதுதான் எங்க வீட்டுல வர்றது."

"முப்பதுன்னு போட்டா ரிஜெக்ட் ஆயிடும் மேம். திங்கக்கிழமை நீங்க இங்க வரணும்." ரோஷினி மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். "போட்டுடவா?"

கையின் மேல் எடை மாறியது. அந்த வரிசை தளர, அடுத்தது எழுந்துகொண்டிருந்தது.

"முப்பதுன்னே போட்டுக்க" என்றாள்.